கன்றுக்குட்டி யாருடையது?

தன் தொழுவத்துக் கன்றை வெட்டப்போகிறார்கள் என்பதை அனார்குல் மற்றவர்களோடு சேர்ந்து சபையில்தான் கேட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம். போதகர் மாக்சத் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். முப்பதைத் தொடாத வயது. நகரத்தில் வேதாகமப் பள்ளியில் படித்துவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்தவர். அவருக்கு முன்னால் முதல் வரிசையில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சற்றுமுன் மேடையேறிச் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தான் மெலிஸ். அனார்குலின் கணவன். செத்துவிட்டான் என்று ஊரே நினைத்திருந்தவன்.

"செத்துப்போனவன் உயிரோட வந்துட்டான், காணாமப்போனவன் கெடச்சுட்டான்" என்றார் மாக்சத். "வர்ற சனிக்கிழமை மெலிஸ் அண்ணன் வீட்ல விருந்து. அவர் தொழுவத்துல கொழுத்த கன்னு ஒண்ணு நிக்குது. இயேசு சொன்ன கதையில, ஓடிப்போன எளைய மகன் திரும்பி வந்தப்ப அப்பன் கன்னு அடிச்சு விருந்து வெச்சானே, அதே மாதிரி நம்ம ஊர்ல நடக்கப்போகுது. எல்லாரும் வந்துடுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அனார்குல் கடைசி வரிசையில், கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கு அடுப்பு மூட்டியது அவள்தான். கையில் இன்னும் கரி இருந்தது. மெலிஸ் அண்ணன் வீடு, அவர் தொழுவம் என்று காதில் விழுந்தபோது வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள்.

மகள் ஐஜான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருஷம் மெலிஸ் சைபீரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். போவதற்கு முன்னால் குதிரையை விற்றான், பிறகு மாடுகளை விற்றான். அப்பா எசென் தடுக்கவில்லை. ஊர் வழக்கப்படி கடைசி மகனுக்குத்தானே எல்லாம், எப்போது எடுத்தால் என்ன என்று விட்டுவிட்டார். முதல் குளிர்காலம் முழுக்க மெலிஸ் தொலைபேசியில் பேசினான். அப்புறம் அதே எண்ணில் ஒரு பெண்பிள்ளை பேசினாள். அப்புறம் யாருமே எடுக்கவில்லை.

எசெனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோனது அதற்குப் பின்தான். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அனார்குலின் அண்ணன்மார் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, "கெளம்பு, ஒனக்கு இங்க என்ன இருக்கு?" என்றார்கள். கிளம்பியிருந்தால் ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே கிழவர் தண்ணீருக்குக் கூப்பிட்டார். கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. வண்டி வெறுமையாகப் போயிற்று. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிழவருக்கு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், பிள்ளையைப் படிக்க வைத்தாள்.

அவள் கிறிஸ்துவிடம் வந்தது பிரசங்கம் கேட்டு அல்ல. கிழவரின் படுக்கை விரிப்பை ஓர் இலையுதிர் காலக் குளிரில் வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தாள். கனத்த விரிப்பு. ஒற்றை ஆளால் பிழிய முடியாது. முறுக்கினால் அந்தப் பக்கம் அவிழ்ந்துகொள்ளும். அழுகை வந்துவிட்டது. அப்போது அந்த வழியாக வந்த, ஊர்ச் சபையைச் சேர்ந்த ஜெர்மன் கிழவி ஒருத்தி, ஒரு வார்த்தை கேட்காமல் மறுமுனையைப் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்கினாள். பிழிந்து முடித்ததும் போய்விட்டாள். ஏன் பிடித்தாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அனார்குல் அடுத்த ஞாயிறு சபைக்குப் போனாள். அந்தக் கிழவி பிறகு பிள்ளைகளோடு ஜெர்மனிக்கே போய்விட்டாள். அனார்குல் தங்கிவிட்டாள்.

சபையில் ஜெப விண்ணப்பம் கேட்கும்போதெல்லாம், "என் வீட்டுக்காரர் திரும்பி வரணும்" என்றாள். வருஷங்கள் போகப்போகச் சொல்வதை நிறுத்திவிட்டாள். சபைதான் பழக்கத்தில் ஜெபித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் உருளைக்கிழங்கு தோண்டுகிற காலத்தில் அவன் வந்தான். உடம்பு பாதியாகி, முன்பல் இரண்டு போய், தோளில் ஒரு பையோடு வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். சைபீரியாவில் குடித்துக் குடித்துத் தெருவில் கிடந்தவனை அங்கே ஒரு சபையார் எடுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அனார்குல் கிழங்குப் பாத்தியில் குனிந்திருந்தாள். அவளைத் தாண்டி நேரே முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தகப்பனிடம் போய் மண்டியிட்டான்.

"அப்பா, பரலோகத்துக்கு விரோதமாவும் ஒங்களுக்கு முன்னாடியும் பாவம் பண்ணிட்டேன். இனிமே ஒங்க மகன்னு சொல்லிக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஒங்க கூலிக்காரங்கள்ல ஒருத்தனா என்ன வெச்சுக்குங்க."

எசென் வாழ்க்கையில் எந்த வேதத்தையும் தொட்டதில்லை. கூட்டுப்பண்ணை டிராக்டர் ஓட்டுநர். "நான் எந்தக் கடவுளுக்கும் ஓட்டுப் போட்டதில்ல" என்று சொல்லிக்கொள்பவர். மகன் தானாகவே பேசுகிறான் என்று நினைத்து, நல்ல கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அந்த வார்த்தைகள் வேதத்துக் கதையின் ஓடிப்போன மகனுடையவை என்று அனார்குலுக்குத் தெரியும். மண் அப்பிய கையோடு அங்கேயே நின்றாள்.

மெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவளைப் பார்த்தான்.

"டீ இருக்கா, அனார்?"

டீ போட்டுக் கொடுத்தாள். போர்சோக் மாவுத்துண்டுகளும் பொரித்துக் கொடுத்தாள். கை தானாகச் செய்தது. பிறகு நினைத்து நினைத்து அந்தக் கையின்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவள் மாக்சத்தை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்தக் கன்ன வெட்டலாம்னு யாரு சொன்னது?"

"மெலிஸ் அண்ணன்தான்க்கா. மனசாரக் குடுத்தாரு."

"குடுத்தாரா? அது பொறந்த அன்னிக்கே தாய் செத்துப்போச்சு. அடுப்புக்குப் பின்னாடி என் கோட்டுல சுத்தி வெச்சு, பக்கத்து வீட்டு ரஹீமா குடுத்த பால பாட்டில்ல ஊட்டி வளத்தேன். நகரத்துல ஐஜான் நர்சிங் படிக்கறாளே, அவ படிப்புக்குன்னு வெச்சிருக்கேன். அது கெடாரியா காளையான்னாவது அவரக் கேட்டுப் பாருங்க, சொல்லுவாரான்னு."

மாக்சத் சிரித்துச் சமாளித்தார். "அக்கா, நீங்கதானே அவருக்காக ஜெபம் பண்ணச் சொன்னீங்க? பதில் கெடச்ச அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி? கதையில வர்ற மூத்த மகன் மாதிரி ஆயிடாதீங்க. அவனும் இப்படித்தான் கோவிச்சுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னு நின்னான்."

"சரி, அந்தக் கதையில ஓடிப்போனவனோட பொண்டாட்டி எங்க?"

"அவனுக்குப் பொண்டாட்டி இருந்ததா வசனத்துல இல்லக்கா."

"இருந்திருப்பா தம்பி. அடுப்படியில நின்னிருப்பா. யாரும் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க."

மாக்சத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் விறுவிறுவென்று நடந்து வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் வாளியை வைத்த சத்தத்திலேயே வேலிக்கு அப்பால் ரஹீமா தலையை நீட்டினாள். ரஹீமா மசூதிக்குப் போகிற குடும்பம். அனார்குல் மதம் மாறிய புதிதில் சில மாதங்கள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது தன்னால் முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ரஹீமா, "எங்க முல்லாவும் இப்படித்தாண்டி. பொம்பள கேள்வி கேட்டா மொகத்தத் திருப்பிக்கிட்டுத் தாடியத் தடவுவாரு. ஒங்காளுக்குத் தாடி இல்ல, அதான் கடிகாரத்தப் பாக்கறாரு" என்றாள். "நீ என்ன பண்ணப்போற?"

"தெரியல. ஆனா கன்னு சாகாது."

அந்த வாரம் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில், பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்கும் இடைவெளியில், அந்த உவமையைத் தானே எடுத்துப் படித்தாள். எத்தனையோ தரம் கேட்ட கதை. தகப்பன் ஆஸ்தியைப் பங்கிட்டு இரண்டு பேருக்கும் கொடுத்தான் என்று தொடக்கத்திலேயே இருந்தது. இளையவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய் அழித்தான் என்றால் வீட்டில் மிஞ்சியது யார் பங்கு? பிற்பாடு தகப்பனே சொல்கிறான், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்று. அப்படியானால் வெட்டப்பட்ட கன்று மூத்தவனுடையது. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயலுக்கு ஆள் அனுப்பவில்லை. வீட்டில் ஆடல்பாடல் சத்தம் கேட்டு, என்ன விசேஷம் என்று வேலைக்காரனிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறான். கைதட்டல் சத்தத்தில் நான் தெரிந்துகொண்டது போல, என்று நினைத்தாள். முகம் சுட்டது. கஞ்சி அடிப்பிடித்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கதையில் வந்தவன் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்து வருகிறான். அதைச் சொல்வதற்குள் தகப்பன் குறுக்கிட்டு மோதிரம் கொண்டுவா, உடுப்பு கொண்டுவா என்கிறான். மெலிஸோ முழுவதையும் சொல்லி முடித்தான். எசென் குறுக்கிடவே இல்லை.

சனிக்கிழமை நண்பகலில் ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் கல் கூட்டிப் பெரிய கொப்பரையில் தண்ணீர் ஏற்றினார்கள். மாக்சத், சபை ஆண்கள் இரண்டு பேர், கயிறும் கத்தியுமாக மெலிஸ். தொழுவத்து வாசலை மறித்துப் பழைய முக்காலியைப் போட்டு அனார்குல் உட்கார்ந்திருந்தாள். மடியில் வைக்கோல் அள்ளும் கவைக்கோல். உள்ளே கன்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

"எந்திரி அனார், நேரமாகுது" என்றான் மெலிஸ்.

"எதுக்கு?"

"எதுக்கா? வெளையாடாத. ஆளுங்க வந்தாச்சு. ஊர் முன்னாடி மானத்த வாங்காத."

"மானத்த நீ சைபீரியாவுலயே விட்டுட்டு வந்துட்ட. இங்க வந்து என்கிட்ட தேடாத."

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டவள். அந்த 'நீ'யில் கயிறு வைத்திருந்த ஆள் ஓரடி பின்னால் போனான்.

மாக்சத் முன்னால் வந்தார். "அக்கா, கோவம் நியாயந்தான். நான் இல்லேங்கல. ஆனா மன்னிப்புன்னு ஒண்ணு இருக்கே. நம்ம விசுவாசமே அதுலதானே நிக்குது?"

"இருக்கு தம்பி. என்கிட்ட யாராவது கேட்டாங்களா?" அனார்குல் எழுந்துவிட்டாள். "இந்தாளு வானத்துகிட்ட மன்னிப்புக் கேட்டான். அப்பாகிட்ட கேட்டான். ஒங்க மேடையில ஏறி சபைகிட்ட கேட்டான், நீங்கெல்லாம் கைதட்டினீங்க. என்கிட்ட டீ கேட்டான். இத்தன வருஷத்துக்கும் சேத்து என்கிட்ட கேட்டது டீ!"

கொப்பரைத் தண்ணீர் மட்டும் சலசலத்தது.

"மூத்த மகன் மாதிரி ஆயிடாதீங்கன்னு சொன்னீங்களே, படிச்சுப் பாத்தேன். அவன் வெளிய நின்னப்ப அவங்கப்பன் விருந்த விட்டுட்டு எறங்கி வந்து கெஞ்சினான். எனக்கு யாரு வந்தா? கத்தியத் தூக்கிக்கிட்டு நீங்கதான் வந்திருக்கீங்க."

அப்போது வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. எசென் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த முற்றத்தை அவர் தனியாகக் கடந்ததில்லை. தினமும் அனார்குல்தான் கைத்தாங்கலாக வெயிலுக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பாள். தடியை ஊன்றிப் படியிறங்கினார். மெலிஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"விடுறா" என்றார்.

முந்தின நாள் மழையில் முற்றம் சேறாகக் கிடந்தது. விழுந்த காலை இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து, அவர் வருவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அனார்குல் ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் நினைத்தாள். ஆனாலும் ஒருமுறையாவது யாராவது தன்னிடம் வரட்டும் என்று நின்றுவிட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது கம்பளித் தொப்பி சரிந்து, வாயின் ஒரு பக்கம் கோணி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"ஜன்னல் வழியா எல்லாம் கேட்டுச்சு, மருமகளே" என்றார். "இவன் வந்த அன்னிக்கு நான் அழுதேன். பெத்த மனசு, அழுதேன். ஆனா ஒனக்கு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல." தடியைத் தூக்கிச் சுற்றிலும் காட்டினார். "இந்த வீடு, தொழுவம், கீழ இருக்கற நெலம், நீ காப்பாத்தி வெச்சிருக்கற இந்தப் பாழாப்போன ஒடம்பு, எல்லாம் ஒன்னுது. கன்ன வெட்டணும்னா ஒன்னத்தான் கேக்கணும். நீ வேணாம்னா வேணாம்."

மாக்சத்தின் முகம் மாறிவிட்டது. கதையின் தகப்பன் மூத்தவனிடம் சொன்னதையே சொன்ன அந்தக் கிழவருக்கு வசனம் எதுவும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

அனார்குல் அவர் தொப்பியை நேராக்கினாள். ஆனாலும் விடவில்லை.

"வாயால சொன்னா பத்தாதுப்பா. என் பேர்ல வரணும்."

கிழவர் நல்ல பாதி முகத்தால் சிரித்தார். "வரும். வாய்ப்பேச்சுல வண்டி ஓடாதுன்னு டிராக்டர்காரனுக்குத் தெரியாதா? திங்கக்கிழமை கிராம ஆபீசுக்கு என்னக் கூட்டிட்டுப் போ."

"அப்பா!" என்றான் மெலிஸ்.

அனார்குல் அவன் பக்கம் திரும்பினாள். "நீ அப்பாகிட்ட என்ன கேட்ட? கூலிக்காரனா வெச்சுக்கச் சொன்ன. அவரு பதில் சொல்லல. இப்ப வீட்டுக்காரி நான் சொல்றேன். சரி. வெச்சுக்கறேன். முத்தத்துக் கோடைச் சமையக்கட்டுல கட்டில் கெடக்கு. காலையில தொழுவம் கூட்டணும், எரு தட்டணும், ஊத்துலருந்து தண்ணி கொண்டாரணும். அப்பாவக் குளிப்பாட்டணும், விரிப்பத் தொவைக்கணும். பிழியறதுக்குத் தொணைக்கு ஆள் வேணும்னா கூப்பிடு, வந்து பிடிக்கறேன்."

"நான் ஒன் புருஷன்டி!"

"அதக் கேட்டு நீ வரல."

கயிறு வைத்திருந்த ஆள் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். மெலிஸ் கத்தியைத் தரையில் போட்டுவிட்டு வேலிப் பக்கமாகப் போய் நின்றான். அப்படியே போய்விடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. போக்கிடம் இல்லாததாலா, வேறு காரணமா என்று அனார்குலுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை.

கொதித்த தண்ணீர் வீணாக வேண்டாம் என்று உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொண்டுவந்து போட்டாள். விருந்துக்கு வந்தவர்கள் கிழங்கு சூப்பைக் குடித்தார்கள். சிலர் கோபத்தோடு, சிலர் வெட்கத்தோடு. பெண்கள் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. சொந்த வீட்டிலேயே ஆண்பிள்ளையை வேலைக்காரனாக்கிவிட்டாள், மதம் மாறினால் இப்படித்தான் என்று மசூதித் திண்ணையோரம் சொன்னார்கள். சபையிலும் இரண்டு பேர் அவளோடு கைகுலுக்குவதை நிறுத்தினார்கள். ரஹீமா மட்டும் வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் தயிரை நீட்டி, "ஒங்க புஸ்தகத்துல அந்தப் பக்கத்த எனக்கும் ஒருநாள் படிச்சுக் காட்டு" என்றாள். திங்கட்கிழமை வீடு அவள் பெயருக்கு மாறியது. நவம்பரில் கன்று, அவள் எண்ணியிருந்தபடியே, ஐஜான் படிப்புக்காகச் சந்தைக்குப் போனது.

மாக்சத் முதல் பனி விழுந்த பிறகுதான் அந்த வீட்டுப் பக்கம் வந்தார். உள்ளே மெலிஸ் தகப்பனைத் தொட்டியில் உட்கார வைத்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தான். "மெதுவாடா, நான் என்ன டிராக்டரா?" என்று கிழவர் திட்டிக்கொண்டிருந்தார். மாக்சத் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்தக் கதைய நான் பாதியோட நிறுத்திட்டேன்" என்றார். "மிச்சத்த நீங்க வந்து சபையில சொல்லுங்க."

"என் வீட்டு விஷயத்த மேடையில வெச்சு நீங்க பேசினது?"

"அது தப்புதான்க்கா. என்ன மன்னிச்சிருங்க."

அவள் அவரை உட்காரச் சொல்லி டீ ஊற்றினாள். அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னாள். அதிகம் பேசவில்லை. மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லாமல் விட்டிருக்கிறார், அவருக்கே அவசரம் இல்லாதபோது நீங்கள் யாரும் என்னைப் பிடித்துத் தள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஊற்று உறைந்த நாட்களில் ஒருநாள், கடப்பாரையால் பனிக்கட்டியை உடைத்து வாளி நிரப்பிக் கொண்டுவந்த மெலிஸ், வாசலிலேயே நின்றான். கை வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. மனப்பாடம் பண்ணிய பேச்சு எதுவும் அன்றைக்கு அவனிடம் இல்லை.

"அனார். ஒன்ன விட்டுட்டுப் போனது... பிள்ளைய... நான்..." என்று தடுமாறினான். "என்னால அதச் சொல்ல முடியல. மன்னிச்சிரு."

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே கோபம் இருந்தது. போன வருஷத்துக் கோபம்போல் அல்ல, ஆனாலும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"கேட்டுட்ட. நானும் காதுல வாங்கிக்கிட்டேன்" என்றாள். "தண்ணிய உள்ள வெய். கையில கொழுப்பு தடவு."

அவன் அன்றைக்கும் கோடைச் சமையற்கட்டில்தான் படுத்தான். அடுப்புக்கு விறகு மட்டும் அவள் கூடுதலாகக் கொடுத்தனுப்பினாள்.

வசந்தப் பண்டிகைக்கு ஐஜான் நகரத்திலிருந்து வந்தாள். அம்மாவை விட உயரமாகிவிட்டிருந்தாள். எல்லோரும் துணிவிரிப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிழவர் மரியாதைக்குரிய தலைப்பக்கத்தில், மெலிஸ் கதவோரம். அவன் எட்டி மகள் கிண்ணத்தில் டீ ஊற்றினான். கொஞ்சம் சிந்தியது. ஐஜான் கிண்ணத்தைத் தொடவில்லை. அவன் எழுந்து விறகு எடுக்கப் போன பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நானும் இவர மன்னிக்கணும்னு சொல்லப்போறியாம்மா? சபையில எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"சபையில யாரு ஒனக்குத் தலை பின்னி விட்டா?" என்றாள் அனார்குல். "அவரு ஒங்கிட்ட வந்து கேக்கட்டும். கேட்ட பொறவு நீ யோசி. எவ்வளவு நாள் வேணுமோ யோசி. அதுவரைக்கும் எவனாவது ஒன்ன அவசரப்படுத்தினா என்கிட்ட அனுப்பு."

கிழவர் தன் தட்டிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்துப் பேத்தியின் பக்கம் தள்ளினார். ஐஜான் சாப்பிடத் தொடங்கினாள்.